உறைதல்

மூன்று தரம் திருப்பி அனுப்பினேன் அந்தக் குழாயை.
"உறைந்துவிட்டது, மீண்டும் எடுக்கவும்"
என்று தட்டிவிட்டு
அடுத்ததற்குப் போனேன்.
எனக்கு அவர் 2217.
ஊதா மூடி, மூன்று மில்லிலிட்டர்.

பெர்னில் அன்று மைனஸ் பதினொன்று.
முற்றத்தின் அந்தப் பக்கம் வார்டு,
இந்தப் பக்கம் எங்கள் ஆய்வுகூடம்,
மூலையில் மாணவர்களின் விரிவுரை மண்டபம்.
நடுவில் இருநூறு அடி பனி.
பதினாறு வருஷத்தில்
நான் அதைக் கடந்தது ஒரே தரம்,
அதுவும் என் பித்தப்பைக்காக.

பேராசிரியர் கனோனிக்காவுக்கு வேறு தலைவலி.
அவருடைய ஆய்வு அட்டவணையில்
ஜூலையில் ஏறுகிற எண்கள்
ஜனவரியில் விழுகின்றன.
குளிரில் நோய் கூடுகிறது, எதிர்ப்பொருள் குறைகிறது,
இதென்ன கணக்கு என்று
காப்பிக் கோப்பையைக் கேட்பார்.

ஒரு செவ்வாய்க்கிழமை என்னையும் கூப்பிட்டார்.
"திருப்பி அனுப்புகிறீர்களே,
யாரை என்று வந்து பாருங்கள்."
கோபமா என்று தெரியவில்லை. போனேன்.

ஒன்பது மாணவர்கள், ஒரு கட்டில்.
வ்ரெனி ஏஷ்லிமன், அறுபத்தெட்டு,
எம்மென்டாலில் பால்கட்டிச் சாலை.
கையுறையோடு படுத்திருந்தார்.
கழற்றினால் விரல் நுனிகள்
நாவற்பழம் தின்ற நாக்கு மாதிரி.

செவெரின் என்றொரு பையன்
வினாத்தாளில் வராததைக் கேட்டான்:
"உங்கட ரத்தம் ஏன் இப்பிடிச் செய்யுது எண்டு
நீங்கள் என்ன நினைக்கிறியள்?"
மற்ற எட்டுப் பேரும் தரையைப் பார்த்தார்கள்.
பேராசிரியர் வாயைத் திறக்கவில்லை.
அதற்கு அவர் பட்ட பாடு
கழுத்து நரம்பில் தெரிந்தது.

"எந்த வழியால கொண்டுபோறியள் அதை?
பால் நல்ல பால்தான்.
தொழுவத்திலயிருந்து சாலைக்கு
முற்றம் கடக்கேக்குள்ள ஆறிப்போனா
உறை சொல்வழி கேளாது.
பாலைத் திட்டி என்ன பலன்?"

அவர்கள் பேசியது பெர்ன் ஜெர்மன்.
எனக்குத்தான் தமிழில் கேட்டது.
பால் உறைவதும் இரத்தம் உறைவதும்
வெளியே தண்ணீர் உறைவதும்
எங்களுக்கு ஒரே சொல்.
பதினாறு வருஷம் நான் தட்டிய சொல்.

உறையவில்லை அது.
குளிரில் ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான்.
எதிர்ப்பொருளெல்லாம் கீழே
செவ்வணுக்களைக் கட்டிப்பிடித்திருக்க
மேலே தெளிந்த நீரில் தேடியிருக்கிறோம்.

பாடப்புத்தகத்தில் இருக்கிறது இது.
பேராசிரியருக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.
"சூடாக அனுப்பவும்" என்று
படிவத்தில்கூட உண்டு, பொடி எழுத்தில்.
முற்றத்துக்குத்தான் தெரியாது.

மறுநாள் குத்தி எடுத்த சூட்டோடு
செவெரின் குழாயைக் கமக்கட்டில் செருகி
கோட்டைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தான்,
முட்டை திருடியவன் போல.
முப்பத்தேழு பாகையில் நீர்த்தொட்டியை வைத்து
கதவைத் திறந்தபடி நின்றேன்.

வெதுவெதுப்பில், மெதுமெதுவாக,
அணுக்கள் ஒன்றையொன்று விட்டன.
எண் வந்தது. ஜூலை எண்.
பேராசிரியர் சத்தம் போடவில்லை.
மூன்று குளிர்காலத்து அட்டவணையை
ஒரே கோட்டில் அடித்தார்.
பிறகு உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றினார்.

குணமாயிற்றா என்று கேட்பீர்கள்.
மருந்தை மாற்றினார்கள்.
இடது சுண்டுவிரல் நுனி மட்டும் போயிற்று.
மற்ற ஒன்பதும் இருக்கின்றன.

மார்ச்சில் எங்கள் பக்கம் வந்தார்,
தன் இரத்தத்தைப் பார்க்க வேண்டுமென்று.
நுண்நோக்கியில் நெடுநேரம் கண்ணை வைத்திருந்து
"பரவாயில்லை, கலைஞ்சு நிக்கினம்" என்றார்,
மேய்ச்சலில் மாடுகளைச் சொல்வதுபோல்.

இப்போது செவ்வாய்தோறும்
நான் முற்றம் கடக்கிறேன்.
வேலைப் பட்டியலில் இல்லை, சம்பளத்திலும் இல்லை.
புது மாணவி ஒருத்தி நோயாளி எண்ணைக் கேட்டாள்.
சொன்னேன். பெயரையும் சொன்னேன்.
பெயரைத்தான் இரண்டு தரம் எழுதினாள்,
முதல் தரம் பிழையாக.

பனிக்குள் போகும்போது
கையைக் கமக்கட்டில் வைத்துக்கொள்கிறேன்,
குழாய் இல்லாத நாளிலும்.